இரண்டு பனியன் போடும் தம்பிக்கு

கேள்வி: டாக்டர், எனக்கு 24 வயது. 14 வயதில் இரண்டு பக்க மார்பும் லேசாகப் புடைத்தது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று அம்மா சொன்னார், ஆகவில்லை. இன்னும் இருப்பது வீட்டில் தெரியாது. உள்ளே இரண்டு பனியன், மேலே தொளதொள சட்டை, இப்படித்தான் வெளியே போகிறேன். எட்டு மாதம் ஜிம்முக்குப் போய் 9 கிலோ குறைத்தேன். தொப்பை போய்விட்டது, மார்பு போகவில்லை, முன்பைவிட எடுப்பாகத் தெரிகிறது. நான்கு மாதமாக இடது காம்பில் சட்டை உரசினாலே வலி. புற்றுநோயாக இருக்குமா? எனக்கு ஆண் ஹார்மோன் குறைவா? நாளைக்குக் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா? மாத்திரையில் கரையுமா, ஆபரேஷன்தானா? முடி கொட்டுவதற்கு ஏழு மாதமாக ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், ஜிம்மில் கொடுத்த பவுடர் உண்டு, மற்றபடி எந்த மருந்தும் எடுப்பதில்லை. பெயர் வேண்டாம்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான். முடி மாத்திரை ஏழு மாதம், வலி நான்கு மாதம். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு வருகிறேன். முதலில் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வியை முடித்துவிடலாம்.

புற்றுநோய். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் மொத்த மார்பகப் புற்றுநோயில் ஆண்களுடையது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் அறுபதை ஒட்டியோ தாண்டியோ வருவது. அது வரும் விதமும் வேறு. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும், காம்பின் மையத்திலிருந்து கொஞ்சம் ஒதுங்கி, கல் மாதிரி கெட்டியாக, பல சமயம் வலியே இல்லாமல் இருக்கும். காம்பு உள்ளே இழுத்துக்கொள்ளலாம், மேல்தோல் சுருங்கலாம், காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர் கசியலாம், அக்குளில் நெறி கட்டலாம். இதில் ஒன்று இருந்தாலும் எந்த வயதானாலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். உங்களுக்கு இருப்பது இரண்டு பக்கமும், பத்து வருடமாக, காம்பை மையமாக வைத்து. வலி என்றதும் நாம் பயந்துவிடுகிறோம், ஆனால் இந்த இடத்தில் வலிக்கு அநேகமாக ஒரே அர்த்தம்தான்: திசு புதிதாக வளர்ந்துகொண்டிருக்கிறது. ஏன் வளர்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இது என்ன? ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் காம்புக்கு அடியில் சின்னதாக ஒரு மார்பகச் சுரப்பித் திசு உண்டு. பெண் ஹார்மோன் என்று சொல்கிற ஈஸ்ட்ரோஜன் அதை வளர்க்கும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அதை அடக்கிவைக்கும். ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு, எலும்பு கெட்டிப்பட அது வேண்டும், யாரும் பதற வேண்டாம். இரண்டுக்கும் நடுவே தராசு கொஞ்சம் சாய்ந்தால் அடங்கியிருந்த திசு தலைதூக்கும். இதற்குத்தான் கைனகோமாஸ்டியா என்று பெயர். தராசு இயல்பாகவே சாய்கிற காலம் வாழ்க்கையில் மூன்று முறை வருகிறது. பிறந்தவுடன் (தாயின் ஹார்மோன் குழந்தையின் உடம்பில் மிச்சமிருக்கும், ஆண் பெண் இரண்டு குழந்தைகளுக்கும் மார்பு வீங்கும், தானே வற்றும், தயவுசெய்து பிதுக்காதீர்கள்), பருவ வயதில், அப்புறம் ஐம்பதுக்கு மேல்.

பருவ வயதில் இது வருவது சளி பிடிப்பது போல அத்தனை சாதாரணம். வகுப்பில் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் வந்து போயிருக்கும், யாரும் வாய் திறப்பதில்லை என்பதால் ஒவ்வொருவனும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறான். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் மறைந்துவிடும். உங்கள் அம்மா சொன்னது தவறில்லை, உங்களுக்கு அது பொருந்தாமல் போய்விட்டது. 17, 18 வயதைத் தாண்டியும் இருந்தால் இனி தானாகப் போகும் என்று காத்திருப்பதில் பலன் இல்லை.

ஆண் ஹார்மோன் குறைவா என்று கேட்டீர்கள். பருவ வயதில் வந்து தங்கிவிட்டவர்களுக்கு ரத்தத்தில் பார்த்தால் அநேகமாக எல்லாம் சரியாகவே இருக்கும். தராசு சாய்ந்தது பத்து வருடத்துக்கு முன்னால், அது நிமிர்ந்து ரொம்ப நாள் ஆகிறது, அன்றைக்கு வளர்ந்த திசு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மார்பு பெரிதாக இருப்பதாலேயே ஆண்மையோ குழந்தைப்பேறோ குறையாது. மார்புக்குப் பின்னால் வேறு காரணம் ஒளிந்திருந்தால் மட்டுமே அந்தக் கேள்வி வரும், அதைப் பார்க்க வழி இருக்கிறது.

இப்போது நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். மல்லாந்து படுத்து ஒரு கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரண்டு ஓரத்திலும் வைத்து, மெதுவாகக் காம்பை நோக்கி நெருக்கிக்கொண்டே வாருங்கள். காம்புக்குப் பக்கத்தில் வரும்போது அழிரப்பர் மாதிரி வழவழப்பும் விறைப்புமாக, காம்பைச் சுற்றி வட்டமாக ஒரு தட்டு விரலில் தட்டுப்பட்டால் அது சுரப்பி. விரல் இரண்டும் எந்தத் தடையும் இல்லாமல் காம்பு வரை போய்ச் சந்தித்தால் அது வெறும் கொழுப்பு. சுரப்பிக்கு ஒரு வைத்தியம், கொழுப்புக்கு வேறு வைத்தியம். இந்த இரண்டு விரல் சோதனையைக் கூடச் செய்துபார்க்காமல் மாதக்கணக்கில் தண்டால் எடுப்பவர்களையும், வெளிச்சம் போட்டுக் கொழுப்பை உருக்குகிறேன் என்பவர்களிடம் பணத்தைக் கொட்டுபவர்களையும் வாரம் ஒருவராவது பார்த்துவிடுகிறேன்.

உங்களுக்கு அநேகமாக அந்தத் தட்டு கையில் படும். ஜிம் கதையே அதைச் சொல்கிறது. எடை குறைந்தபோது சுற்றியிருந்த கொழுப்பு கரைந்தது, சுரப்பி கரையவில்லை, அதனால் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. போதாக்குறைக்கு நெஞ்சுக்கான பயிற்சிகளை அதிகம் செய்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். சுரப்பிக்கு அடியில் இருக்கும் தசை வளர்ந்து அதை இன்னும் முன்னுக்குத் தள்ளியிருக்கும். அதற்காக அந்த எட்டு மாதம் வீண் என்று நினைக்காதீர்கள். கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுவது அதன் வேலை. கொழுப்பு குறையக் குறைய அந்த வேலையும் குறையும். ஆபரேஷன் என்று முடிவானாலும் எடை ஒரு நிலையில் நிற்பவர்களுக்குத்தான் நல்ல வடிவம் கிடைக்கும்.

முடி மாத்திரைக்கு வருவோம். பெயர் நீங்கள் எழுதவில்லை. ஆண்களுக்கு முடி கொட்டுவதற்குத் தினம் ஒன்று என்று மாதக்கணக்கில் கொடுப்பது பெரும்பாலும் ஃபினாஸ்டிரைடு, சிலருக்கு டுட்டாஸ்டிரைடு. டெஸ்டோஸ்டிரோன் உடம்பில் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்கிற இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாறித்தான் முடியின் வேரைக் கெடுக்கிறது. இந்த மாத்திரை அந்த மாற்றத்தைத் தடுக்கிறது, முடி நிற்கிறது. நல்ல மருந்துதான். ஆனால் மார்புத் திசுவை அடக்கிவைக்கிற கையும் அதே வீரியமான வடிவத்தின் கைதான், அது தளர்ந்தால் ஈஸ்ட்ரோஜன் பக்கம் தராசு இறங்கும். முடிக்குக் கொடுக்கும் 1 மில்லிகிராம் அளவில் இது எல்லோருக்கும் வருவதில்லை, வருபவர்கள் கொஞ்சம் பேர்தான். மாத்திரை அட்டையோடு வரும் துண்டுத்தாளில் மார்பு வலி, மார்பு வீக்கம் என்று அச்சடித்தே இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில். ஏற்கெனவே சுரப்பி இருக்கிற மார்பு என்றால் நான் எழுதித் தருவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பேன். எழுதித் தந்தவரிடம் நீங்கள் மார்பைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டீர்கள், அவரும் கேட்டிருக்க மாட்டார், சட்டையைக் கழற்றாமலே முடிந்துபோன சந்திப்பு. அவரிடம் போய்ச் சொல்லி நிறுத்துங்கள். உடனே நிறுத்துவதால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, மாத்திரையால் நின்ற முடி சில மாதங்களில் மறுபடி கொட்டும், அவ்வளவுதான். தலைக்குத் தடவும் மினாக்ஸிடில் போன்ற வேறு வழி இருக்கிறதா என்று அவரே சொல்வார்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மார்பை வளர்க்கும் மருந்துகள் இன்னும் உண்டு. இதயத்துக்கும், கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோப்பதற்கும் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், புராஸ்டேட் புற்றுநோய்க்கான பைகலூட்டமைடு, மனநலத்துக்கான ரிஸ்பெரிடோன், பழைய வயிற்றுப்புண் மாத்திரையான சிமெடிடின், பூஞ்சைக்குச் சாப்பிடும் கீட்டோகோனசோல், இதயத்துக்கான டிகாக்ஸின். இவற்றை முடி மாத்திரை போல நீங்களாக நிறுத்தக் கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம். எழுதித் தந்தவரிடம் மாற்று கேளுங்கள், பல சமயம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோனுக்குப் பதில் எப்லெரினோன் கொடுத்தாலே சிலருக்கு மார்பு அடங்கிவிடுகிறது. அளவுக்கு மீறிய குடியும் இந்தப் பட்டியலில்தான் சேரும், அது விதையையும் கல்லீரலையும் சேர்த்தே கெடுக்கிறது.

அப்புறம் அந்தப் பவுடர். சுத்தமான புரதப் பவுடர் மார்பை வளர்க்காது. அந்த டப்பாவுக்குள் சுத்தமான புரதம்தான் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. லேபிள் இல்லாத டப்பா, ஜிம்மில் ஒருவர் கையால் அளந்து கொடுத்தது, ‘தசை சீக்கிரம் வரும்’ என்ற வாக்கு, கூடவே ஒரு மாத்திரையோ ஊசியோ, இப்படி இருந்தால் அனபாலிக் ஸ்டீராய்டு (ஆண் ஹார்மோன் போல வேலை செய்யும் செயற்கை மருந்து) கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுவது நியாயம். வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் போட்டால் மார்பு எப்படிப் பெண்மாதிரி வளரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதிகப்படியானதை அரோமட்டேஸ் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். ஊசியை நிறுத்தும்போது இன்னொரு அடி விழும், விதைகள் அதற்குள் வேலையை மறந்து சோம்பியிருக்கும், உடம்பில் ஆண் ஹார்மோன் சட்டென்று வற்றிப்போகும். ‘டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் மார்பு குறையும்’ என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பரிசோதனையில் உண்மையாகவே குறைவு என்று தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அது மருந்து, மற்றவர்களுக்கு எரிகிற தீயில் எண்ணெய்.

டாக்டரிடம் போனால் என்ன பார்க்க வேண்டும்? மார்பைப் பார்ப்பார், அக்குளைப் பார்ப்பார், கழுத்தில் தைராய்டைத் தொட்டுப் பார்ப்பார். விதைகளையும் பார்க்க வேண்டும். கூச்சமாக இருக்கும், இருந்தாலும் விடக் கூடாது. என் ஆரம்ப காலத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வந்தான், இரண்டு மாதமாக மார்பு வீக்கமும் வலியும். மார்பை நன்றாகப் பார்த்தேன், பருவ வயதுச் சமாச்சாரம் என்று நானே தீர்மானித்து சீட்டும் எழுதிவிட்டேன். சீட்டை வாங்கிப் பார்த்த என் மூத்த டாக்டர் தலையை நிமிர்த்தாமல் “விதையைப் பார்த்தியா?” என்றார். பார்க்கவில்லை. பையனுக்குக் கூச்சம் என்று சொன்னேன், உண்மையில் கூச்சம் எனக்கு. மறுபடி உள்ளே கூப்பிட்டுப் பார்த்தால், வலது விதையில் பட்டாணி அளவில் ஒரு கட்டி, கையில் தெளிவாக உருண்டது. விதையில் வரும் சில கட்டிகள் ஈஸ்ட்ரோஜனையோ, அதைச் சுரக்கத் தூண்டும் ஹெச்சிஜி என்கிற ஹார்மோனையோ கொட்டும், சில சமயம் மார்பு வீக்கம்தான் அதன் முதல் அடையாளமாக இருக்கும். சீக்கிரம் பிடித்துவிட்டால் விதைக் கட்டிகள் பெரும்பாலும் முழுதாகக் குணமாகக் கூடியவை, அவனும் நன்றாக இருக்கிறான். அன்றிலிருந்து மார்பு என்று யார் வந்தாலும் பேண்ட்டையும் இறக்கச் சொல்லிவிடுகிறேன், என்னைத் திட்டிக்கொண்டே இறக்குகிறார்கள். நீங்கள் குளிக்கும்போது ஒவ்வொரு விதையையும் விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள், கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அந்த வாரமே காட்டுங்கள்.

இரண்டு விதையும் மிகச் சின்னதாகக் கெட்டியாக இருந்தால் அது வேறு கதை. ஆண்களுக்கு இருக்க வேண்டியது ஒரு எக்ஸ், ஒரு ஒய் குரோமோசோம். சிலருக்கு ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும், கிளைன்ஃபெல்டர் நிலை என்று பெயர். 1942-இல் இதை முதன்முதலில் விவரித்தபோதே அந்த மருத்துவர்கள் குறித்துவைத்த முதல் விஷயங்களில் ஒன்று பெரிதான மார்பு. பெரும்பாலானோருக்கு இது வெளியே தெரியாமலே போகும், குழந்தை இல்லை என்று பரிசோதனைக்கு வரும்போதுதான் பலருக்குத் தெரியவே வரும். உங்கள் குழந்தைக் கவலைக்கு நான் சொன்ன ‘பின்னால் ஒளிந்திருக்கும் காரணம்’ இந்த மாதிரியானதுதான். விதைகள் வழக்கமான அளவில் இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடலாம்.

ரத்தப் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. பதினான்கு வயதுப் பையனுக்கு, உடம்பு நன்றாக இருந்து விதையும் சரியாக இருந்தால், நான் ஊசியே குத்தமாட்டேன், ஆறு மாதம் கழித்து வா என்பேன். உங்களுக்குப் புதிதாக வலி வந்திருப்பதால் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது: கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ராடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவம்), விதைகளை வேலை வாங்கும் ஹார்மோன்களான எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், ஹெச்சிஜி. டெஸ்டோஸ்டிரோனைக் காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் எடுங்கள், சாயங்காலம் எடுத்தால் இயல்பாகவே குறைவாகக் காட்டும், வீணாக ஒரு பயம் வந்து சேரும். மார்புக்கு ஒரு ஸ்கேன் எடுத்தால் சுரப்பி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். சந்தேகமான கட்டி இருந்தால்தான் மார்பக எக்ஸ்ரேயான மாமோகிராமும் ஊசியால் திசு எடுப்பதும்.

போகிற போக்கில் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் சிறைமுகாம்களில் பட்டினி கிடந்து மீண்ட வீரர்கள் பலருக்கு, விடுதலையாகி நல்ல சாப்பாடு கிடைத்து உடம்பு தேறும்போது மார்பு வீங்கியது. பட்டினியில் உறங்கிப்போன ஹார்மோன்கள் மறுபடி விழித்தபோது இன்னொரு முறை பருவ வயது வந்த மாதிரிதான் ஆனது. அவ்வளவு வீரர்களுக்கும் வந்தது உங்களுக்கு வந்ததில் ஆண்மைக்கு என்ன குறைச்சல் என்பதற்காகச் சொன்னேன்.

மாத்திரையில் கரையுமா? எவ்வளவு நாள் ஆயிற்று என்பதைப் பொறுத்தது. இந்தத் திசு வளரத் தொடங்கிய முதல் ஆறு மாதம், ஒரு வருடம் வரை உயிர்ப்போடு இருக்கும். பால் நாளங்கள் பெருகும், சுற்றிலும் நீர் கோத்தது போல இளகியிருக்கும், தொட்டால் வலிக்கும். காரணத்தை நீக்கினால் இந்தக் கட்டத்தில் அது பின்வாங்கும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் உள்ளே நார் கட்டி, ஆறிய தழும்பு மாதிரி ஆகிவிடும். வலி போய்விடும், கூடவே மருந்துக்குக் கரைகிற குணமும் போய்விடும். தழும்பை எந்த மாத்திரை கரைக்கும்?

அந்தக் கணக்கில் உங்களுடையது பழைய வீட்டின் மேல் புதிதாகக் கட்டிய மாடி. பத்து வருடத்துத் தட்டு இரண்டு பக்கமும் அஸ்திவாரமாக இருக்கிறது, அதன் மேல் இடது பக்கத்தில் நான்கு மாதத்துப் புது வளர்ச்சி. மாடி தானாக இறங்கும். பழைய வீடு எந்த மாத்திரைக்கும் இறங்காது.

மாடியை இறக்க முடி மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று மாதம் பொறுங்கள். ஒரு மாதத்திலேயே வலி குறைந்து வருவது தெரியும். அப்படியும் வலி அடங்கவில்லை என்றால் டமாக்ஸிஃபென் என்றொரு மருந்து இருக்கிறது. பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து அது, ஈஸ்ட்ரோஜன் போய் உட்காருகிற இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். கைனகோமாஸ்டியாவுக்கென்று அங்கீகாரம் பெற்றதல்ல, ஆனாலும் வலியோடு வளரும் புது வீக்கத்துக்கு அனுபவத்தில் நன்றாகக் கேட்கிறது என்பதால் தினம் 10 அல்லது 20 மில்லிகிராம் என்று மூன்று மாதம், சில சமயம் ஆறு மாதம் வரை கொடுப்போம். ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் உண்டு. ஜிம் பையன்கள் ஸ்டீராய்டையும் போட்டுக்கொண்டு ‘பாதுகாப்புக்கு’ என்று இதையும் தாங்களே வாங்கி விழுங்குகிறார்கள், கேட்டால் எனக்கே அளவு சொல்லித் தருகிறார்கள். அனஸ்ட்ரோசோல் என்று இன்னொன்றையும் சிலர் எழுதித் தருவார்கள், பருவ வயதுப் பையன்களிடம் சோதித்தபோது அது வெற்று மாத்திரையைவிட மேலாக எதையும் செய்யவில்லை.

பழைய வீட்டுக்கு ஆபரேஷன்தான், அதுவும் நீங்கள் விரும்பினால் மட்டும். இதை அப்படியே விட்டுவிட்டால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. இது புற்றுநோயாக மாறுகிற பொருள் அல்ல. நிறையப் பேர் இதோடு நிம்மதியாக வாழ்கிறார்கள். ஆனால் பத்து வருடமாக இரண்டு பனியன் போடுகிறவரிடம் ‘இதெல்லாம் ஒன்றுமில்லை, மனசுதான் காரணம்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அறைக்குள் வருபவர்களில் பாதிப் பேர் தோளை முன்னால் குறுக்கி, பையையோ பைலையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் வருவார்கள், உட்கார்ந்த பிறகும் அதை மடியில் வைக்கமாட்டார்கள். அந்தப் பை கீழே இறங்க வேண்டும் என்பதே ஆபரேஷனுக்குப் போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

இது புதுமையான ஆபரேஷனும் அல்ல. ஏழாம் நூற்றாண்டிலேயே பவுலஸ் என்ற கிரேக்க மருத்துவர் மார்புக்குக் கீழே பிறை வடிவத்தில் கீறி இதை எடுப்பது பற்றி எழுதிவைத்திருக்கிறார். இப்போது எப்படிச் செய்கிறோம் என்றால், முதலில் உங்களை நிற்க வைத்துப் பேனாவால் கோடு போடுவோம், படுத்தால் மார்பு பரவிவிடும், அளவு தப்பிவிடும். பிறகு மயக்கம். மரத்துப்போகும் மருந்தும் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தும் கலந்த நீரை மார்புக்குள் ஏற்றிவிட்டு, பென்சிலைவிட மெல்லிய குழாயை விட்டுச் சுற்றியுள்ள கொழுப்பை உறிஞ்சுவோம், அதுதான் லிபோசக்ஷன். கொழுப்பு குழாயில் மஞ்சளாக ஓடி வரும், சுரப்பி வராது. அதற்குக் காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் விளிம்பில், கருப்பும் தோல் நிறமும் சேருகிற கோட்டிலேயே, அரைவட்டமாகச் சின்னக் கீறல். அதன் வழியாகச் சுரப்பியை வெளியே எடுப்போம், வெள்ளையாக, ரப்பர் மாதிரி, பிடித்து இழுத்தால் விட்டுக்கொடுக்காத வஸ்து. இத்தனை மாதம் ஓடியும் இது ஏன் கரையவில்லை என்று கையில் பிடித்துப் பார்த்தால் புரிந்துவிடும். எல்லாம் சேர்த்து ஒன்றிரண்டு மணி நேரம், அநேகமாக அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம். தோலின் எல்லைக் கோட்டில் கீறுவதால் ஒரு வருடம் போனால் தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், சின்ன வயதுதானே என்று விடக் கூடாது.

இதில் ஆசைப்பட்டு அதிகம் எடுப்பதுதான் பெரிய தப்பு. காம்புக்கு அடியில் ஒரு மெல்லிய தட்டை மிச்சம் வைக்க வேண்டும், எல்லாவற்றையும் வழித்தால் காம்பு நெஞ்சோடு ஒட்டிக் குழி விழுந்துவிடும். குழியை நிரப்புவது சுரப்பியை எடுப்பதைவிடக் கஷ்டம். வேறெங்கோ செய்துகொண்டு அப்படிக் குழியோடு வருபவர்கள் ‘சுத்தமா எடுத்துடுங்கன்னு நான்தான் சார் சொன்னேன்’ என்பார்கள். நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள். இன்னொரு பக்கம், சுரப்பி கெட்டியாக இருக்கும்போது ‘கீறலே வேண்டாம், லிபோசக்ஷன் மட்டும் போதும்’ என்று யாராவது சொன்னால் சுரப்பியை எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். கெட்டியான பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். தோல் தொங்குகிற அளவுக்குப் பெரிதானவர்களுக்குத் தோலையும் வெட்ட வேண்டிவரும், தழும்பும் கூடும், உங்கள் விவரத்தைப் பார்த்தால் அது தேவைப்படாது என்றே தோன்றுகிறது.

ஆபரேஷன் முடிந்த முதல் நாள் கவனம். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி விண்விண் என்று இறுகினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம், ராத்திரி இரண்டு மணியானாலும் கூப்பிட வேண்டும். இந்த ஆபரேஷனில் அதிகம் வருகிற தொல்லை அதுதான், உடனே கவனித்தால் சரியாகிவிடும். காம்பில் சில வாரம், சில மாதம் மரமரப்பு இருக்கும், பெரும்பாலும் திரும்பிவிடும். இறுக்கமான அழுத்த உடுப்பு நான்கிலிருந்து ஆறு வாரம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு வாரத்தில் போகலாம், எடை தூக்குவது ஒரு மாதம் ஒன்றரை மாதம் கழித்து. முதல் மாதம் மேடு பள்ளமாகத் தெரியும், தினமும் கண்ணாடி முன் நின்று அழக் கூடாது, வடிவம் படிய மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். நன்றாக எடுத்த சுரப்பி திரும்ப வருவது அபூர்வம். திரும்ப வந்து நிற்பவர்களிடம் கேட்டால் எடையோ ஊசியோ முன்னால் வந்து நிற்கும்.

ஆக ஆபரேஷனை இன்றைக்கே முடிவு செய்யாதீர்கள். வளர்ந்துகொண்டிருக்கும் மார்பில் கத்தி வைத்தால் எடுத்த பிறகும் மிச்சம் வளரும். மாத்திரையை நிறுத்தி, பவுடரை நிறுத்தி, மூன்று மாதம் விட்டு, இடது பக்கம் வலது பக்கம் போல அமைதியானதும், பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரிடம் காட்டுங்கள். காத்திருக்கும் நாட்களில் பனியன் இரண்டுக்குப் பதிலாக உடம்போடு பிடிக்கும் அழுத்த பனியன் ஒன்று போட்டுக்கொள்ளலாம், மார்பைக் குறைக்காது, சட்டைக்குள் தட்டையாகக் காட்டும், உரசல் வலியும் குறையும். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மயக்க மருந்துக்குக் கையெழுத்துப் போடும் நாளில் சொல்வதைவிட இப்போது சொல்வது சுலபம், பத்து வருடத்துக்கு முன் அவர் கண்ணில் பட்டதுதானே.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பவுடர் டப்பாவையும் மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், அன்றைக்கு ஒரு பனியன் போதும்.